41-ஆம் நாளில் அறுந்த தொடர்: ஒரு பிட்னஸ் பேண்டுடன் 12 வாரங்கள்

விடுமுறைக் காலம் தொடங்க 12 வாரங்கள் இருந்தபோது, மணிக்கட்டில் கட்டி நடையையும் இதயத் துடிப்பையும் அளக்கும் இந்த பிட்னஸ் பேண்டை வாங்கினேன். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளிலும் என் கதை ஒன்றேதான். விடுமுறைக்கு இரண்டு மாதங்கள் இருக்கையில் ஓட்டப் பயிற்சியைத் தொடங்குவேன். நான்காவது வாரத்தில் அலுவலக வேலை நெருக்கும். ஆறாவது வாரத்தில் காலணிகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். விருந்தினர் வந்து இறங்கும்போது பயிற்சியைப் பற்றிய பேச்சே வீட்டில் இருக்காது. ஆரம்ப சூரத்தனம் என்ற சொல் எங்கள் வீட்டில் என்னைக் குறித்து மட்டுமே புழங்குகிறது. கையில் கட்டிய கருவி ஒன்று கணக்கு வைத்துக்கொண்டே வந்தால் இந்த வழக்கம் மாறுமா என்று பார்க்க விரும்பினேன். 12 வாரங்களும் அவற்றைத் தொடர்ந்த விடுமுறையும் முடிந்த பிறகு இதை எழுதுகிறேன். கருவி ஓரளவு நேர்மையாகவே எண்ணுகிறது. எண்ணியதை வைத்துக்கொண்டு அதன் செயலி நம்மிடம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. அமைப்புகளைத் தேடித் திருத்திக்கொள்ளும் பொறுமை உள்ளவருக்கு இது பயன்படும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே கட்டிக்கொள்பவர், வேலையும் பயணமும் விருந்தும் ஒன்றாக வரும் மாதத்தில் முதலில் கழற்றி வைப்பது இதையாகத்தான் இருக்கும்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. திரையும் பட்டையும் வேறுபடலாம் என்றாலும், நான் சொல்லவிருக்கும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக் கருவிகள் பலவற்றுக்குப் பொருந்துபவை.

அணிவதில் பெரிய தொல்லை எதுவும் இல்லை. விரல் அகலத் திரை, ரப்பர் போன்ற மென்மையான பட்டை, தூங்கும்போதுகூட உறுத்தாத எடை. வியர்வையோடு தொடர்ந்து அணிந்தால் மணிக்கட்டில் தோல் சிவந்து அரிக்கிறது. குளித்தபின் பட்டையையும் தோலையும் நன்றாகத் துடைத்து உலரவிட்டால் அது நிற்கிறது. பின்புறத்தில் சார்ஜர் தொடும் இரண்டு உலோகப் புள்ளிகளில் வியர்வை உப்பு படிந்து ஒரு கட்டத்தில் சார்ஜ் ஏறாமல் போனது. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்ததும் சரியாயிற்று. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

காலடிக் கணக்கைச் சோதிக்க, வாய்விட்டு எண்ணிக்கொண்டே 500 அடிகள் நடந்தேன். பேண்ட் 491 காட்டியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது எண்ணுவது கால் வைக்கும் அடியை அல்ல, கையின் ஆட்டத்தை. பொருள்கள் நிறைந்த தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கடை முழுவதும் சுற்றியதில் அதன் கணக்கில் ஏறியது சொற்பம். நின்ற இடத்தில் நின்று பல் துலக்கியபோது தாராளமாக ஏறியது. அது எண்ணும் விதம் புரிந்துவிட்டால் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடுவதற்கு இந்தக் கணக்கு போதும்.

இதயத் துடிப்பு அளவீட்டுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். பின்புறமுள்ள பச்சை விளக்கின் ஒளியை இரத்தம் உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைவதற்கேற்பத் திரும்பி வரும் ஒளி மாறுவதைக் கொண்டு துடிப்பை எண்ணுகிறார்கள். பட்டை தளர்வாக இருந்தால் கருவி குழம்பிப்போய், துடிப்பை விட்டுவிட்டுக் காலடியின் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானமான வேகத்தில் சென்ற ஒரு காலையில் திரை 168 என்று காட்டியது. கழுத்தில் விரல் வைத்து எண்ணியபோது 140-ஐத் தாண்டவில்லை. 168 என்பது ஒரு நிமிடத்தில் நான் வைத்த அடிகளின் எண்ணிக்கை. பட்டையை ஒரு துளை இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டியதும் அளவு ஒழுங்குக்கு வந்தது.

கலோரிக் கணக்கைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். வாங்குபவர்கள் முதல் நாளே அப்படிச் செய்வது நல்லது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரிடம் 7 மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, துடிப்பை அளப்பதில் 6 கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. செலவான ஆற்றலைக் கணக்கிடுவதிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மிக மோசமானது 93 சதவீதம் பிசகியது. விருந்துக் காலத்தில் இந்த எண்ணை நம்புவதில் தனி ஆபத்து இருக்கிறது. "இன்று 600 கலோரி செலவழித்திருக்கிறீர்கள்" என்று திரை சொல்வதைக் கேட்டுத் தட்டை மறுமுறை நிரப்புகிறவர், கையில் இல்லாத பணத்தைச் செலவழிக்கிறார்.

இனி இந்தக் கருவியின் உயிர்நாடி என்று நிறுவனமே விளம்பரப்படுத்தும் அம்சத்துக்கு வருகிறேன். தினசரி இலக்கை எட்டிய நாள்களை அது தொடர்ச்சியாக எண்ணி, ஸ்ட்ரீக் என்ற பெயரில் முகப்பில் பெரிய எழுத்தில் காட்டுகிறது. தொடக்க இலக்கு 10,000 அடிகள். இந்த எண்ணை மருத்துவர்கள் கண்டுபிடித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் 1964-இல் நடந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஜப்பானிய நிறுவனம் ஒன்று 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி, என்ற பெயரில் விற்ற கருவியிலிருந்து பரவிய எண் அது. சராசரியாக 72 வயதுடைய பெண்கள் 16,741 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500-க்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. எல்லா வயதினருக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், 10,000 என்பது தாண்டினால் வாழ்வு, தவறினால் வீழ்ச்சி என்று கொள்ள வேண்டிய கோடு அல்ல என்பதற்கு இது போதும். செயலிக்கு அந்த விவேகம் இல்லை. 9,950 அடிகள் நடந்தவரும் நாள் முழுவதும் படுத்துக் கிடந்தவரும் அதற்கு ஒன்றுதான்.

முதல் 40 நாள்கள் ஸ்ட்ரீக் என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது என்பதை மறைக்க மாட்டேன். இரவு பத்தரை மணிக்குக் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே நடந்து மீதி 700 அடிகளை முடித்த நாள்கள் உண்டு. "அண்ணா, எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று தங்கை கேட்டாள். 41-ஆம் நாள் அலுவலக வேலையாக வெளியூர் சென்றிருந்தேன். சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டேன்; மாலை ஆறு மணிக்குத் திரை அணைந்தது. அன்று நான் நடந்தது வழக்கத்தைவிட அதிகம். மறுநாள் வீடு திரும்பிச் சார்ஜ் ஏற்றியதும், 40 என்ற எண் இருந்த இடத்தில் 0 இருந்தது. அதற்குக் கீழே, "புதிய தொடக்கத்துக்கு வாழ்த்துகள்!" என்று வண்ணக் காகிதத் துண்டுகள் பறக்கும் படம்.

நடந்தது உடலுக்குச் சேர்ந்துவிட்டது, எண் போனால் போகட்டும் என்று அறிவு சொல்லியது. மனம் கேட்கவில்லை. மறுநாள் நடக்கவில்லை, அதற்கு மறுநாளும் நடக்கவில்லை, மொத்தம் ஒன்பது நாள்கள் பேண்ட் மேசை இழுப்பறையில் கிடந்தது. 40 நாள் உழைப்பு எந்தப் பழக்கத்தை உண்டாக்கியது என்று அப்போதுதான் யோசித்தேன். நடக்கும் பழக்கம் எனக்கு வரவில்லை. அந்த எண்ணைக் காப்பாற்றும் பழக்கம் வந்திருந்தது. எண் போனதும் பழக்கமும் போயிற்று. முதல் கோணல் முற்றும் கோணல் என்ற பழமொழியைச் செயலி நிரலாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஆய்வுகள் சொல்வது இதற்கு நேர் எதிர். லண்டனில் 96 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் அச்சான ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாக ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 நாள்களிலிருந்து 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதை ஏறக்குறையப் பாதிக்கவே இல்லை. ஆக, தவறிய நாளை அடுத்து வரும் நாளில் திரும்பி வருகிறோமா என்பதைத்தான் ஒரு நல்ல கருவி கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஓர் உடற்பயிற்சிக் கூடச் சங்கிலியின் 61,293 உறுப்பினர்களிடம் 54 வகையான ஊக்குவிப்புத் திட்டங்களை ஒரே சமயத்தில் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். அவற்றுள் முதலிடம் பெற்றது, பயிற்சியைத் தவறவிட்டபின் திரும்பி வருபவருக்கு மிகச் சிறிய கூடுதல் வெகுமதி தரும் திட்டம். என் பேண்டின் செயலியில் 30 நாள் பதக்கம் இருக்கிறது, 100 நாள் பதக்கம் இருக்கிறது. திரும்பி வந்தவருக்கு ஒன்றும் இல்லை.

இழுப்பறையிலிருந்து அதை மீண்டும் எடுக்க வைத்தது ஒரு தற்செயல். செயலியை நீக்குவதற்காக அமைப்புகளுக்குள் நுழைந்து தடவிக்கொண்டிருந்தபோது, ஐந்தாவது பக்கத்தில் 'வார இலக்கு' என்ற பொத்தான் கண்ணில் பட்டது. அதை இயக்கினால் ஸ்ட்ரீக் முகப்பிலிருந்து மறைந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, வாரத்தில் எத்தனை நிமிடம் மிதமான அல்லது கடினமான உழைப்பு நடந்தது என்பதை ஒரு வளையம் காட்டுகிறது. உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு வாரக் கணக்கில்தான் பேசுகிறது: மிதமான உழைப்பு 150 முதல் 300 நிமிடங்கள், அல்லது கடுமையான உழைப்பு 75 முதல் 150 நிமிடங்கள், அத்துடன் வாரத்தில் இரண்டு நாள்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. இவ்வளவு அடிப்படையான அளவுகோலை ஐந்தாம் பக்கத்தில் புதைத்துவிட்டு, வெடித்துச் சிதறும் பதக்கங்களை முகப்பில் வைத்த காரணம் எனக்கு விளங்கவில்லை. தினமும் செயலியைத் திறக்க வைப்பது அவர்களுடைய தேவை. வாரத்துக்கு நான்கு முறை ஓடுவது என் தேவை. இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் காரணம் என்று ஊகிக்கிறேன்.

வாரக் கணக்கு வந்ததும் பரபரப்பான நாள்களின் குணமே மாறிப்போனது. செவ்வாய்க்கிழமை இரவு வரை வேலை இழுத்தால், அன்று தவறியது வியாழக்கிழமையில் சரியாகிவிடும். விடுமுறையையும் சேர்த்து மீதி ஏழு வாரங்களில் ஐந்து வாரங்கள் 150 நிமிடத்தைத் தாண்டினேன். ஒரு வாரம் 130. விருந்தினர் வந்திருந்த வாரம் 70. அந்த 70-ஐப் பார்த்துப் பேண்டை இழுப்பறைக்கு அனுப்பத் தோன்றவில்லை என்பதே இந்த மதிப்புரையில் நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய பாராட்டு.

ஊக்கச் செய்திகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "நீங்கள் நினைத்தால் முடியும்", "வெற்றி உங்கள் காலடியில்" என்ற வகையில் நாளுக்கு ஆறேழு வருகின்றன. ஒன்று நான் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருந்தபோது வந்தது. இவற்றால் ஆகக்கூடியது மிகக் குறைவு. பிரிட்டனில் 248 மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. உடற்பயிற்சியின் நன்மைகளை எடுத்துச் சொல்லி ஊக்கப்படுத்தப்பட்ட குழுவில் விருப்பம் கூடியது. ஆனால் ஒரு வாரத்தில் ஒரு முறையாவது பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம்தான், ஒன்றும் சொல்லப்படாத குழுவில் 38 சதவீதம். அந்த ஊக்கத்தோடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதி வைத்துக்கொண்ட குழுவில் 91 சதவீதம். இதைப் படித்தபின் ஊக்கச் செய்திகள் அனைத்தையும் அணைத்தேன். பேண்டில் உள்ள சாதாரண அலாரத்தில் மூன்று வரிகளை நானே எழுதி வைத்தேன்: "திங்கள் 6.10, தெரு முனை வரை ஓட்டம்", "வியாழன் 6.10, அதே", "சனி 7.00, மாடியில் எடைப் பயிற்சி". அலாரம் அடிக்கும்போது மணிக்கட்டில் அந்த வரி ஓடும். அலங்காரமே இல்லாத இந்த வசதி, செயலியின் செயற்கை அறிவுப் பயிற்சியாளரைவிட எனக்கு அதிகம் வேலை செய்தது.

அந்தப் பயிற்சியாளரின் கூத்து தனி. ஒரு வாரம் நன்றாகச் செய்தால் அடுத்த வார இலக்கைத் தானாகவே உயர்த்திவிடுவார். பத்தாவது வாரத்தில் 190 நிமிடம் ஓடியதற்குப் பரிசாகப் பதினோராவது வார இலக்கு 220 ஆயிற்று. அதுவோ ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பும் பயண ஏற்பாடுகளும் ஒன்றாகச் சேரும் வாரம். மனிதப் பயிற்சியாளர் ஒருவர் இருந்திருந்தால், "அடுத்த வாரம் உங்களுக்கு எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். இதை அணைக்க முடிகிறது, அணைத்துவிடுங்கள்.

விடுமுறை நெருங்கும்போது இலக்கை உயர்த்துவதைவிடத் தாழ்த்திப் பிடிப்பதே சரி என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. பெற்ற வலிமையைத் தக்கவைக்க, அதைப் பெறுவதற்குச் செலவிட்டதில் சிறு பங்கே போதும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 70 பேர் 16 வாரங்கள் வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி செய்தபின், அடுத்த 32 வாரங்களுக்குச் சிலருடைய பயிற்சி அளவு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது; இளையவர்கள் வலிமையையும் தசை அளவையும் தக்கவைத்துக்கொண்டார்கள். முதியவர்களுக்கு வலிமை பெரும்பாலும் நின்றது, தசை அளவு நிற்கவில்லை. ஓட்டத்துக்கும் இதைப் போன்ற பழைய சான்று இருக்கிறது: வாரம் ஆறு நாள் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்தாலும், கடுமையைக் குறைக்காதவரை, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 15 வாரங்கள் வரை குறையாமல் இருந்தது. அடியோடு நிறுத்தினால் கதை வேறு. நன்கு பயின்றவர்களுக்கே மூன்று வாரத்தில் அந்தத் திறன் 7 சதவீதம் சரிந்ததாக 1984-இல் அளந்திருக்கிறார்கள். ஆகவே விடுமுறை வாரங்களுக்கு 60 நிமிடம் என்று இலக்கு வைத்தேன்: இரண்டு ஓட்டம், ஒரு முறை எடை. செயலி, "உங்கள் இலக்கு பரிந்துரைக்கப்பட்டதைவிடக் குறைவு" என்று சிவப்பு எழுத்தில் மூன்று முறை எச்சரித்த பிறகே அதை ஏற்றுக்கொண்டது. 'ஓய்வு நிலை' என்று ஒன்று இருக்கிறது. காய்ச்சலுக்கும் பயணத்துக்கும் உதவும் என்று சொல்லப்படும் அது மூன்று நாளுக்கு மேல் நீடிக்காது. மூன்று நாளில் முடியும் காய்ச்சலை எங்கே வாங்குவது என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன். கருவியை மீண்டும் தொடங்கிப் பார்க்கும்படி பதில் வந்தது.

எடைக் குறைப்புக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். உணவுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இருந்த இளம் வயதினர் 471 பேரிடம் 24 மாதங்கள் நடத்தி 2016-இல் வெளியிட்ட சோதனையில், இத்தகைய கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள்; அணியாமல் வழக்கமான முறையைத் தொடர்ந்தவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். விடுமுறைக் காலத்தில் ஏறும் எடையும் பயப்படும் அளவுக்கு இருப்பதில்லை. 195 பேரை அளந்த 2000-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் சராசரி ஏற்றம் 0.37 கிலோ. சிக்கல் என்னவென்றால் அந்தச் சிறிய ஏற்றம் பிறகு இறங்கவில்லை. எடைக் கருவியை இந்தச் செயலியோடு இணைக்கலாம், நான் இணைக்கவில்லை. விருந்துக்கு மறுநாள் காலை உடலில் தங்கும் நீரைக் கொழுப்பென்று நினைத்துக் கலங்க விருப்பமில்லை.

நண்பர்களுடன் போட்டியிடும் பகுதியை இரண்டு வாரங்கள் பயன்படுத்தினேன். என்னுடன் சேர்ந்தவர்களில் ஒருவர் பணி நிமித்தமாக நாளெல்லாம் நடப்பவர். முதல் நாள் மதியமே 14,000 காட்டினார். போட்டி அத்துடன் முடிந்தது. தூக்கக் கணக்கில், படுக்கையில் சாய்ந்து புத்தகம் படித்த ஒரு மணி நேரத்தையும் உறக்கமாகச் சேர்த்துக்கொள்கிறது. என் வாசிப்பின் தரத்தைப் பற்றிய கருத்தாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி ஆறு நாள் நிற்கிறது, துடிப்பைத் தொடர்ந்து அளக்கச் சொன்னால் நான்கு.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். வார இலக்கை முகப்புக்குக் கொண்டுவந்து, ஓய்வு நிலையின் நீளத்தைப் பயனரிடமே விட்டால் நான்கு. இப்போதுதான் பயிற்சியைத் தொடங்குபவர், அல்லது என்னைப் போல ஆறாவது வாரத்தில் நழுவுபவர், விடுமுறைக்குக் குறைந்தது பத்து வாரம் முன்னதாக வாங்குவது நல்லது. அமைப்புகளைப் பழக்கிக்கொள்ளவே இரண்டு வாரம் போய்விடும். ஏற்கெனவே தவறாமல் ஓடுபவருக்கு இது தேவையில்லை. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கருவியைக் கையில் வாங்கி, விற்பனையாளர் பதக்கங்களைக் காட்டத் தொடங்குவதற்கு முன், இரண்டை மட்டும் தேடிப் பாருங்கள்: நாள் இலக்கை வார இலக்காக மாற்ற முடிகிறதா, தவறிய நாளை ஓய்வு நாள் என்று நாமே குறிக்க முடிகிறதா. நான் வாங்கியதன் பெட்டியில் பதினான்கு சிறப்பம்சங்கள் அச்சிடப்பட்டிருந்தன. இவை இரண்டும் அவற்றில் இல்லை.